ஒற்றைக் குரலுக்குப் பதில் சொன்ன அம்மா

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைத் தொகுக்கும் என் மகள், "ரெண்டு பக்கம் போதும்மா. பொறந்தது, வளந்தது, நல்ல குணம், கடைசியில நன்றி. அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னபடி எழுதத்தான் உட்கார்ந்தேன். மற்றப் பக்கங்களில் பேரப்பிள்ளைகள் 'எங்கள் ஆயா' என்று எழுதியிருப்பதையும் படித்தேன். ஆயா வைக்கும் சாமைப் பாயசம், காய்ச்சலில் ஆயா விடியவிடிய மடியில் போட்டுக்கொண்டது, பள்ளிக்கூட வாசலில் மழையில் நின்றது, எல்லாம் உண்மை. ஆனால் நெல்லிவாசல்நாட்டிலிருந்தும் காவலூர்ப் பக்கத்திலிருந்தும் வரும் உறவினர்கள் இந்த மலரை வாங்கியதும் மனத்துக்குள் வேறொரு பெயரைச் சொல்லிக்கொள்வார்கள். அது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வயதை நான் தாண்டிவிட்டேன். அதனால் அந்தப் பெயரைப் பற்றியும் எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது நெல்லிவாசல்நாட்டில், அந்நாளில் ஜீப்பும் எட்டாத ஒரு சிற்றூரில். ஐந்து பெண்களில் மூன்றாமவர். பள்ளிக்கூடத்தைப் பார்த்ததில்லை. பதினேழு வயதில் காவலூருக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு நடந்தே மணப்பெண்ணாக வந்தார். "மலையில இருந்து எறக்கி வுடுவாங்கன்னு பாத்தா, ஒரு மலைய வுட்டு இன்னொரு மலைக்கு மாத்தி வுட்டாங்க" என்று அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அப்பா உயரமானவர், அதிகம் பேசாதவர். மரம் ஏறுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. குரங்குக்கே அவர்தான் வாத்தியார் என்பார் அம்மா. அப்பா அம்மாவை 'ஏமே' என்று கூப்பிடுவார். என்னைப் 'பாப்பா' என்பார். தம்பி பிறந்த பிறகும் நான்தான் பாப்பா. இன்றைக்கு அறுபதைத் தாண்டியும் வீட்டில் எனக்கு அதுதான் பெயர்.

மலையில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. கீழ்நாட்டுச் சம்பந்திகளுக்காகச் சொல்கிறேன். பொழுது சாய்ந்த பிறகு வெளியிலிருந்து யாராவது கூப்பிட்டால் எங்கள் ஊரில் உடனே பதில் சொல்ல மாட்டார்கள். மூன்று தரம் கூப்பிட்டால்தான் மனிதர். ஒரே ஒரு தரம் கூப்பிட்டு நின்றுபோனால் அது மனிதர் இல்லை. தெரிந்தவரின் குரலில்தான் அது வரும். அதற்கு 'இன்னா' என்று கேட்டுவிட்டால் கேட்டவரின் மூச்சைக் கூடவே கூட்டிக்கொண்டு போய்விடும். பதில் சொன்னால் மட்டும் இல்லை, 'எனக்கு ஒரு குரல் கேட்டது' என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னாலும் பதில் சொன்னது போலத்தான். கேட்டவர் விடியும்வரை கேட்காதவராகவே இருந்துவிட வேண்டும். எங்கள் சித்தப்பா இன்றைக்கும் கைபேசியை மூன்றாவது அழைப்புக்குத்தான் எடுப்பார். அதைச் சொல்லி நாங்கள் கேலி செய்வோம். பொழுது சாய்ந்த பிறகு அவரை நாங்களும் மூன்று தரம்தான் கூப்பிடுவோம்.

அப்பா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு இரண்டு. மாசி மாதம், புளி உலுக்கும் நேரம். எங்கள் கொல்லைக்காட்டின் கோடியில் பள்ளத்தை ஒட்டி ஒரு பெரிய புளியமரம் இருந்தது. மற்ற மரங்களை எல்லாம் உலுக்கி முடித்துவிட்டு, அந்தக் கடைசி மரத்துக்கு அப்பா மட்டும் பிற்பகலில் போனார். காய் காவலுக்காகக் கொல்லைக் குடிசையிலேயே தங்கிவிடுவதும் அவர் வழக்கம். அதனால் பொழுது சாய்ந்தும் வரவில்லையே என்று யாரும் தேடவில்லை. விடிந்ததும் அந்தப் பக்கம் போன சித்தப்பாதான் பார்த்தார். கிளை முறிந்து விழுந்திருந்தார். இடுப்பு ஒடிந்திருந்தது. மரத்தடியிலிருந்து வீட்டுப் பக்கமாகக் கொஞ்ச தூரம் கையால் ஊன்றி நகர்ந்த தடம் மண்ணில் இருந்தது. மூச்சு நின்றிருந்தது. நெஞ்சைத் தொட்ட சித்தப்பா கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நெஞ்சில் இன்னும் சூடு இருந்தது.

ஊரே அந்த மரத்தடியில் கூடியது. முந்தின நாள் சித்தப்பா வீட்டில் இருந்த அப்பாவின் தாயார், அதாவது அம்மாவின் மாமியார், அழவில்லை. அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, "வூடு பக்கத்துலதான கீது. ஒரு சத்தமும் கேக்கலையாடி?" என்று கேட்டார்.

அம்மா என் தலையில் கையை வைத்துக்கொண்டு சொன்னார். "கேட்டுது அத்த. பொழுது சாய, 'ஏமே'ன்னு ஒரு தரம் கேட்டுது. ஒரு தரம்தான். அதான் நான் போவல."

"கூப்புட்டது எம்மவன்டி" என்றார் மாமியார்.

அங்கே நின்ற பெண்களில் ஒருத்தியாவது ஒற்றைக் குரலுக்கு எழுந்து போயிருப்பாளா என்றால், மாட்டாள். அது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் பெயர் வைத்தார்கள். 'கேட்டும் போவாதவ.' சந்தையிலும் கோயிலிலும் அம்மாவுக்கு அதுதான் அடையாளம். கேட்டும் போவாதவ வூட்டு ஆடு, கேட்டும் போவாதவ பொண்ணு. மாமியார் அன்றிலிருந்து அம்மா கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. ஒரே கூரையின் கீழ் தனியாக உலை வைத்துக்கொண்டார். பதினோரு வருடம் அப்படித்தான் போயிற்று. கடைசி மாதத்தில் படுக்கையில் விழுந்து, கை தூக்க முடியாமல் போனபோதுதான் அம்மா ஊட்டிய கஞ்சிக்கு வாய் திறந்தார். அப்போதும் கண்ணை மூடிக்கொண்டே குடித்தார். அம்மா அதைப் பற்றிக் குறையாக ஒரு சொல் சொன்னதில்லை.

அப்பாவின் காரியம் முடிந்த மறுநாள், விளக்கு வைக்கும் நேரம். அம்மா முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். சட்டென்று முறத்தைக் கீழே வைத்து, வெளியே பார்த்து, "வர்றேன், இரு" என்றார். அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு புளியமரத்துப் பக்கம் நடந்தார். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. திரும்பி வந்ததும், "யாரும்மா?" என்றேன்.

"யாருமில்ல."

"பின்ன இன்னாத்துக்குப் போன?"

"கூப்புட்டா போய்ப் பாக்கணும் பாப்பா."

அன்று தொடங்கியது, நாற்பது வருடத்துக்குமேல் நிற்கவில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது அம்மா யாருக்காவது பதில் சொல்வார். சமையலை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போவார். அவர் "வர்றேன்" என்று சொல்வது கேட்டதும் தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும். பிள்ளைகளின் வாயைப் பொத்தி உள்ளே இழுத்துக்கொள்வார்கள். காவலூர்ப் பக்கம் நட்சத்திரம் பார்க்கும் ஆய்வுக்கூடத்தின் வெள்ளைக் கூண்டு மங்கிக்கொண்டிருக்கும், இந்தப் பக்கம் அம்மாவின் விளக்கு மட்டும் பள்ளத்தில் இறங்கும். சில நாள் பேச்சும் கேட்கும். "இன்னும் ஏன் இங்கியே நிக்கிற, உன் வூட்டுக்குப் போ" என்று யாருக்கோ புத்தி சொல்லிக்கொண்டிருப்பார். பதில் எதுவும் எங்களுக்குக் கேட்காது. ஆனால் எதிரில் இருப்பவர் பேசி முடிக்கக் காத்திருப்பது போல் இடையிடையே அம்மா பேசாமல் நிற்பார்.

ஊரார் பூசாரியை அழைத்து வந்தார்கள். அவர் கையில் கயிறு கட்டிவிட்டு, "அங்க போனா இன்னாம்மா தெரியுது உனக்கு?" என்று கேட்டார்.

"நிக்கிறவங்க தெரியறாங்க சாமி" என்றார் அம்மா. "நம்மளாட்டம்தான் கீறாங்க. நாம பயப்படறோம்னு சொல்றீங்க. அவங்கதான் பயந்துபோய் நிக்கிறாங்க. கயிறு கட்டுங்க, வேணான்னு சொல்லல. கூப்புட்டா போவேன்."

பூசாரி தட்சணை வாங்காமல் போய்விட்டார்.

ஒருமுறை அப்படிப் போனவர் கோடி வீட்டு அத்தையைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்தார். விறகுக் கட்டோடு பாறையில் சறுக்கி விழுந்து, கால் முறிந்து, நினைவில்லாமல் கிடந்திருக்கிறார். அம்மா போயிருக்காவிட்டால் அந்த அத்தை பிழைத்திருக்க மாட்டார். ஊரே அன்றைக்கு அம்மாவை வேறு மாதிரி பார்த்தது. ஆனால் உடம்பு தேறிய பிறகு அந்த அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "உங்கம்மா, நான் கூப்புட்டேன்னு வந்தாளாம். நான் எங்க கூப்புட்டேன். பல்லு கிட்டிப்போய்க் கெடந்தேன், வாயே தொறக்க முடியல." நன்றி சொல்லத்தான் வந்தார், ஆனாலும் எங்கள் வீட்டுக்குள் அவர் கால் வைக்கவில்லை.

தம்பி அப்பாவின் தாயார் மடியில் வளர்ந்தான். பாலோடு சேர்த்து அந்தப் பெயரையும் குடித்து வளர்ந்தான். பதினேழு வயதில் வாணியம்பாடிக்குத் தோல் பதனிடும் ஷாப்பு வேலைக்குப் போனான். பொங்கலுக்கு வருவான், எல்லோருக்கும் துணி எடுத்து வருவான், அம்மாவுக்கு எடுத்ததை என்னிடம் கொடுப்பான். அவன் 'அம்மா' என்று வாய்விட்டுக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பிள்ளைகள் பிறந்த பிறகு அவர்களோடு சேர்ந்து 'ஆயா' என்றான். ஊரில் உள்ள எந்தக் குரலுக்கும் எழுந்து போன அம்மா, அந்த ஒரு குரலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு அங்கன்வாடியில் வேலை கிடைத்ததும் நாங்கள் ஜமுனாமரத்தூருக்கு வந்துவிட்டோம். அம்மா சத்துணவுக்கூடத்தில் சமையல் உதவிக்குச் சேர்ந்தார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆயா ஆனார். எந்தப் பிள்ளையும் அவரை இரண்டாம் தரம் கூப்பிட்டதில்லை, முதல் தரத்திலேயே முன்னால் வந்து நிற்பார். என் மகளையும், படிக்க என்னிடம் விட்டிருந்த தம்பி பிள்ளைகளையும் வளர்த்ததில் பாதிக்குமேல் அவர் கைதான். அவர்கள் எழுதியிருப்பதில் நான் சேர்க்க ஒன்றுமில்லை. ஒன்றைத் தவிர.

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. பொழுது சாயும் நேரம், வாசலில் உட்கார்ந்து சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அவள் தலையைத் தூக்காமலேயே, "ஆயா, ஒரு தாத்தா கூப்புடறாரு" என்றாள்.

"இன்னான்னு கூப்புடறாரு?" என்றார் அம்மா.

"பாப்பான்னு."

என் கை மாவிலேயே நின்றுவிட்டது. அம்மா திரும்பி ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய், தெருவைப் பார்த்து, மெதுவாக, "பாப்பா வேலையா கீது. நான் வர்றேன், இரு" என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். நான் மகளை முதுகில் ஓங்கி அடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன். ஏன் அடித்தேன் என்று அவள் இன்றுவரை கேட்டதில்லை. இந்தக் கட்டுரையை முதலில் படிக்கப்போகிறவள் அவள்தான்.

சென்ற ஆண்டு அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்கே கூட்டிப்போகச் சொன்னார்கள். தம்பிக்குச் சொல்லி அனுப்பினேன். அவன் வருவதாகச் சொன்ன நாள் பிற்பகலில், அம்மாவின் கட்டிலருகே நான் மட்டும் இருந்தேன். ஐம்பது வருடமாகத் தொண்டையில் நின்றதை அன்றைக்குச் சொல்லிவிட்டேன்.

"யம்மா, அன்னிக்கி உனக்கு ஒண்ணும் கேக்கல. எனக்குத்தான் கேட்டுது. தம்பி வந்ததும் அவங்கிட்ட சொல்லிடறேன்."

அம்மா கண்ணைத் திறந்தார். அந்த உடம்பில் அவ்வளவு உறுதி எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "உனக்கு இன்னா தெரியும். நீ தூங்கிட்டிருந்த. நான்தான் கேட்டேன். கேட்டுட்டுதான் போவல" என்றார்.

அந்தச் சொல் முடியும்போது தம்பி பையோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். கடைசியில் சொன்னது மட்டும் அவன் காதில் விழுந்தது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார். நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

அந்த மாசி மாதத்துப் பொழுதில் நான் தூங்கவில்லை. வாசலில் தம்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா வீட்டுக்குப் பின்னால் உரலில் சாமை குத்திக்கொண்டிருந்தார். உலக்கைச் சத்தத்தில் அவருக்கு எதுவும் கேட்டிருக்க முடியாது. புளியமரத்துப் பக்கத்திலிருந்து ஒரு தரம், "பாப்பா" என்று கேட்டது. அப்பாவின் குரல் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்த குரலில்தான் அது வரும் என்றும் தெரிந்திருந்தது. இரண்டாம் தரத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அதற்குள் உலக்கை நின்றது. "யாருனா கூப்புட்டாங்களா பாப்பா?" என்று அம்மா பின்னாலிருந்து கேட்டார். 'ஆமாம்' என்று சொன்னாலே என் மூச்சு போய்விடும் என்று பயந்தேன். "இல்லியே" என்றேன். உலக்கை மறுபடி விழத் தொடங்கியது.

மறுநாள் மரத்தடியில் மாமியார் அந்தக் கேள்வியைக் கேட்டபோது நான் வாயைத் திறந்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்தார், தலையில் கையை வைத்து அழுத்தினார், பிறகு நீங்கள் எல்லோரும் அறிந்த அந்தப் பதிலைச் சொன்னார். நான் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. என்ன சொல் கேட்டது என்று அவர் என்னிடம் ஒருநாளும் கேட்டதும் இல்லை. உயிரோடிருப்பவர்களில் அந்தச் சொல்லை அறிந்தவள் நான் ஒருத்திதான் என்று, என் மகள் சிலேட்டோடு உட்கார்ந்திருந்த அந்த நாள்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா மறுநாள் விடியலில் போனார். தம்பி பால் ஊற்றினான். பால் கடைவாயில் வழிந்தது. அம்மா வாசலைப் பார்த்துத் தெளிவாக, "வர்றேன், இரு" என்றார். அதுதான் கடைசி. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டதைக் கேட்கவில்லை என்று சொன்ன வாய் இது, இதை நீங்கள் நம்பத்தான் வேண்டும் என்றும் இல்லை. தலைமாட்டில் நின்ற என் மகள் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லிட்டிருந்தது.

ஊரில் எங்கள் கொல்லையிலேயே புதைத்திருக்கும் அப்பாவின் பக்கத்தில் அம்மாவை வைக்கத் தம்பி சம்மதிக்கவில்லை. 'அவ எம்மவன் பக்கத்துல படுக்கக் கூடாது' என்று மாமியார் அவனிடம் வாக்கு வாங்கியிருந்தார். ஜமுனாமரத்தூர் இடுகாட்டில், முன்பின் தெரியாதவர்கள் நடுவில் அம்மாவை அடக்கம் செய்தோம். ஒரு வருடமாக அங்கே கிடக்கிறார்.

அம்மாவின் கடைசி நாட்களில் நேரம் பார்க்காமல் வந்து ஊசி போட்ட நர்ஸம்மாவுக்கும், ஆஸ்பத்திரியிலிருந்து அலுங்காமல் ஏற்றிவந்த ஜீப்காரத் தம்பிக்கும், பத்து நாளும் எங்களுக்கு உலை வைத்த எதிர்வீட்டு பாய் குடும்பத்தாருக்கும், குழி வெட்டியவர்களுக்கும், கஞ்சி குடித்த கடன் என்று தோள் கொடுத்த சத்துணவுப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. மலையூர்களிலிருந்து வந்த உறவுகளுக்கும் என் வணக்கம். அம்மாவுக்கு நீங்கள் வைத்த பெயரைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். அது என்னுடையது. மிச்சமிருக்கும் காலத்துக்கு நான் சுமந்துகொள்கிறேன்.

தம்பி, அன்றைக்கு வாசற்படியில் நீ கேட்டது பொய். உன் தாய் எனக்காகச் சொன்ன பொய். அவர் எதையும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் போயிருப்பார். அவர் கிடக்கும் இடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் புதுத் துணியில் முடிந்து வைத்திருக்கிறேன். படையல் முடிந்ததும் நீ அதை எடுத்துக்கொண்டு நம் ஊருக்குப் போ. அப்பாவின் பக்கத்தில் குழி தோண்டி, "அம்மா" என்று கூப்பிட்டு அந்த மண்ணை வை. அங்கே கால் வைக்கத் தகுதி இல்லாதவள் நான்தான். நான் கூட வந்து, கொல்லை வரப்புக்கு இந்தப் பக்கமே நின்றுகொள்கிறேன்.